கேட்காமல் வந்த ஆறு எண்கள்

என் சித்திக்கு 72 வயது. மதுரையில் தனியாக இருக்கிறார். போன தை மாதத்தில் ஒருநாள் காலை சிலிண்டர் போடுகிறவர் வாசலில் நின்று, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். சித்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கைபேசியில் ஆக மேலே இருந்த செய்தியின் எண்களைப் படித்திருக்கிறார். "அது இல்லம்மா, வேற ஒண்ணு வந்திருக்கும் பாருங்க" என்றிருக்கிறார் அவர். நல்ல மனிதர். சித்தி படித்துச் சொன்னது, முந்தின இரவு பதினொரு மணிக்கு அவர் கேட்காமலேயே வந்திருந்த வாட்ஸ்அப் பதிவு எண். யாரோ எங்கிருந்தோ சித்தியின் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பேச்சோடு பேச்சாகத்தான் சித்தி இதை என்னிடம் சொன்னார். பிறகு கேட்டார்: "ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதேங்கறீங்க. சொன்னாத்தான் சிலிண்டர்ங்கறாங்க. நான் எதைத்தான்பா கேக்கறது?" எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்த நாட்டில் கோடிக்கணக்கான பேர் தினமும் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி. அதற்கு ஒழுங்கான பதிலை வங்கிகளும் சொல்லவில்லை, அரசும் சொல்லவில்லை.

ஓடிபி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் புழங்குகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று டோக்கன். பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. சிலிண்டர் வரும்போதும், ஆட்டோவில் ஏறும்போதும், விலை உயர்ந்த பொருள் கூரியரில் வரும்போதும் கேட்கப்படும் எண் இந்த வகை. பொருளும் ஆளும் கண்ணெதிரே இருக்க, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நாம் கொடுப்பது. சமையல் எரிவாயுவுக்கு இந்த ஏற்பாடு 2020 நவம்பரில் வந்தது. இன்னொன்று சாவி. வங்கி, வாட்ஸ்அப், ஆதார், மின்னஞ்சல் ஆகியவற்றின் எண்கள் இந்த வகை. சாவியை நாமே பூட்டில் போட வேண்டுமே தவிர, அடுத்தவர் கையில் கொடுப்பதற்கு வேலையே இல்லை. இரண்டும் ஒரே கைபேசியில், ஒரே பெட்டியில், ஒரே மாதிரி ஆங்கில வாக்கியத்தில், ஒரே பெயரோடு வந்து விழுகின்றன. ஆங்கிலம் படிக்காத ஒரு பெண்மணி எதை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்?

ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல் என்ற எண்ணம் புதிதல்ல. லெஸ்லி லாம்போர்ட் என்ற கணினி அறிஞர் 1981-ல் அதற்குக் கணித வழி ஒன்றை எழுதி வைத்தார். நம் அன்றாட வாழ்வுக்குள் அது நுழைந்தது ரிசர்வ் வங்கியின் வழியாக. அட்டையைத் தேய்க்காமல் இணையத்தில் எண்ணை மட்டும் கொடுத்து வாங்கும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு கட்டாயம் என்று 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உலகின் பல பணக்கார நாடுகள் அப்போது இவ்வளவு தூரம் போகவில்லை. திருடிய அட்டை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலையை அது உண்டாக்கியது. அதை நான் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். ஆனால் அட்டை எண் போதாது என்று ஆனபிறகு, திருடன் அட்டையை விட்டுவிட்டு அட்டைக்காரரைப் பிடித்தான். ஜார்க்கண்டின் ஜம்தாரா மாவட்டம் நாடு முழுவதும் பெயர் கெட்டது இந்த வேலையால்தான்: வங்கி மேலாளர்போலப் பேசி, வாயாலேயே எண்ணை வாங்கிவிடுவது.

சரி, நாம் ஒன்றும் செய்யாதபோது அந்த எண் ஏன் வருகிறது? பல காரணங்கள் உண்டு. எல்லாமே திருட்டு அல்ல. எங்கோ ஒருவர் தன் எண்ணைப் பதியும்போது ஓர் இலக்கம் பிசகிவிடும். அவருக்கு வரவேண்டியது நமக்கு வரும். நம்முடைய எண் முன்பு வேறொருவருடையதாக இருந்திருக்கலாம். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய சொந்தக்காரர் தன் வங்கியிலோ கடைக் கணக்கிலோ எண்ணை மாற்ற மறந்திருந்தால், அவருடைய சாவிகள் புதியவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். புது சிம் வாங்கியவர்களுக்கு முன்பின் தெரியாத பெயரில் கடன் நினைவூட்டல்களும் சரிபார்ப்பு எண்களும் வருவது பெரும்பாலும் இதனால்தான். இதன் மறுபக்கத்தையும் நினைக்க வேண்டும். எண்ணை விட்டுவிடுகிறவர்கள் அதற்கு முன் வங்கி, ஆதார், மின்னஞ்சல் எல்லாவற்றிலும் மாற்றிவிட்டு விடவேண்டும். இல்லையென்றால் நம் சாவி ஒருநாள் ஊர் பேர் தெரியாதவர் கையில் போய் விழும்.

ஒரே நிமிடத்தில் இருபது, முப்பது நிறுவனங்களிடமிருந்து எண்கள் கொட்டுவதும் உண்டு. நம் எண்ணைப் பல இணையதளங்களின் பதிவுப் பக்கங்களில் தானாகப் போட்டுத் தொல்லை கொடுக்கும் நிரல்கள் இருக்கின்றன. பகைக்காகச் செய்கிறவர்கள் உண்டு. மோசடிக்காரர்கள் செய்வதும் உண்டு. நூறு செய்திகளுக்கு நடுவே "உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது" என்ற ஒரே ஒரு செய்தி நம் கண்ணில் படாமல் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் இப்படிக் கொட்டும்போது, கைபேசியை அணைத்துவிட்டுப் படுப்பதைவிட வங்கிக் கணக்கின் இருப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இதில் வேறொரு வியாபாரமும் இருக்கிறது. ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் அனுப்பும் நிறுவனம் தொலைபேசி நிறுவனத்துக்குக் காசு கொடுக்கிறது. அந்தக் காசில் பங்கு பெறுகிறவர்களோடு சேர்ந்துகொண்டு, பொய்யான கோரிக்கைகளால் லட்சக்கணக்கான எண்களை அனுப்ப வைக்கும் கூட்டங்கள் உண்டு. ட்விட்டரை வாங்கியபின் எலான் மஸ்க், இதனால் நிறுவனம் ஆண்டுக்கு 6 கோடி டாலர் இழந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்.

மிச்சமிருப்பது நாம் கவலைப்பட வேண்டிய காரணம். நம் பெயரில் ஒரு கணக்கைத் திறக்கவோ, நம் கணக்குக்குள் நுழையவோ ஒருவர் முயல்கிறார். இங்கேயும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் பதிவு எண் வந்தால், முயல்கிறவருக்குத் தெரிந்திருப்பது நம் தொலைபேசி எண் மட்டுமே. அதைத் தெரிந்துகொள்ளப் பெரிய திறமை வேண்டாம். ஆனால் மின்னஞ்சலிலோ வங்கியிலோ, கடவுச்சொல்லைச் சரியாகப் போட்ட பிறகுதான் எண் அனுப்புவார்கள் என்றால் விஷயமே வேறு. முதல் பூட்டு ஏற்கனவே திறந்தாகிவிட்டது என்று அர்த்தம். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறோமோ அங்கெல்லாம் அன்றைக்கே மாற்ற வேண்டும். மாற்றும்போது, வந்த செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், நாமே செயலியைத் திறந்து உள்ளே போய் மாற்ற வேண்டும்.

எந்தக் காரணமாக இருந்தாலும், எண் வந்து சேர்ந்த அந்த நிமிடத்தில் பெரும்பாலும் இன்னும் எதுவும் பறிபோகவில்லை. வெளியே நிற்பவன் கதவைத் தட்டியிருக்கிறான். தாழ்ப்பாள் உள்ளே போட்டபடிதான் இருக்கிறது. ஆபத்து அதற்கடுத்து வருகிற தொலைபேசி அழைப்பில் இருக்கிறது. அந்த அழைப்புகளைக் கூர்ந்து கேட்டால், பெரும்பாலானவை இரண்டே உணர்ச்சிகளைத் தொடுகின்றன: பயமும் பரிவும். பயத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கணக்கு முடங்கும், மின்சாரம் துண்டிக்கப்படும், ஓய்வூதியம் நின்றுவிடும், உயிர்வாழ் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்பார்கள். பரிவைத் தொடுவது இன்னும் கொடுமையானது. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து, "அக்கா, என்னோட கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்" என்று வரும். அனுப்புவது அந்தத் தம்பி இல்லை. அவருடைய கணக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே பறிபோயிருக்கும். அவர் குழுக்களிலிருந்து நம்மை, நம் குழுக்களிலிருந்து அடுத்தவரை என்று உறவின் வழியாகவே இது பரவுகிறது. ஊர்ச் சங்கம், கோயில் திருப்பணி, பள்ளித் தோழர்கள் என்று குழுக்களில் பின்னிப்பிணைந்து வாழும் நம்மவர்களிடம் இது பலிப்பதற்கு, நம் நல்ல குணமே காரணமாகிவிடுகிறது.

ஒருவருடைய பதிவு எண் "தவறுதலாக" வேறொருவருக்குப் போவது என்பது வாட்ஸ்அப்பில் நடக்காது. இலக்கம் பிசகிப் போட்டாலும், எந்த எண்ணில் கணக்கைத் திறக்கிறார்களோ அந்த எண்ணுக்குத்தான் போகும். நமக்கு வந்திருந்தால், திறக்கப்படுவது நம் கணக்கு. இந்த ஒரு வரியைப் பெரியவர்களுக்குப் புரிய வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதே மோசடி வேறு வேடத்தில் வருகிறது. பழைய சோபாவை விற்க முகநூலில் விளம்பரம் கொடுத்தால், வாங்க வருகிறவர் "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஓர் எண் அனுப்புகிறேன், சொல்லுங்கள்" என்பார். வருவது கூகுள் வாய்ஸ் சரிபார்ப்பு எண். சொன்னால், நம் எண்ணோடு இணைந்த ஒரு புதுத் தொலைபேசி எண் அவர் கைக்குப் போய்விடும். நம் பணம் ஒரு டாலர்கூடக் குறையாது. அந்த எண்ணை வைத்து அடுத்தவர்களை ஏமாற்றுவார். அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம் இதைக் குறித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

எண்ணைக் கேட்காமலே எண்ணை எடுக்கும் வழிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். "நான் யாரிடமும் சொல்லவே இல்லை, ஆனாலும் பணம் போயிற்று" என்று சொல்கிறவர்களை நாம் நம்புவதில்லை. மறைக்கிறார்கள் என்று நினைக்கிறோம். அது அநியாயம். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லிவிட்டால், வரும் எண்ணை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்; எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லியே ரிசர்வ் வங்கி 2019-ல் வங்கிகளை எச்சரித்தது. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பு, உண்மையில் ஏபிகே எனப்படும் செயலியாக இருக்கும்; நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டு வாங்கி, வரும் எண்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடும். அழைப்பில் இருக்கும்போதே இன்னொரு அழைப்பை இணைக்கச் சொல்வார்கள். அந்த இரண்டாவது அழைப்பு வங்கியின் தானியங்கிக் குரல், எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். மறுமுனையில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பார். "நெட்வொர்க் சரியாக" என்று நட்சத்திரக் குறி, 401, பிறகு பத்து இலக்க எண் என்று அழுத்தச் சொல்வார்கள். நம் அழைப்புகள் எல்லாம் அவர்களுக்குத் திரும்பிவிடும். இந்த வகை அழைப்புத் திருப்பலைத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கைபேசியின் அமைப்புகளில் அழைப்புத் திருப்பல் என்ற இடத்தில் அந்நிய எண் எதுவும் இல்லையே என்று பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

வாட்ஸ்அப்பில் இன்னொரு முறை எண்ணைத் தலைகீழாக ஓட வைக்கிறது. நம்மிடம் எண் கேட்க மாட்டார்கள். அவர்களே ஓர் எட்டெழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, "இதை உங்கள் வாட்ஸ்அப்பில் போடுங்கள், புகைப்படம் தெரியும்" என்பார்கள். போட்டால், அவர்களுடைய கணினி நம் கணக்கோடு இணைந்துவிடும். நம் கைபேசி வழக்கம்போல வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் சந்தேகமே வராது. வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற பக்கத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று: வந்த செய்தியே தூண்டிலாக இருக்கலாம். "உங்கள் கணக்கில் 49,999 ரூபாய் பரிமாற்றத்துக்கான எண் இது, நீங்கள் செய்யவில்லையென்றால் உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று வரும். பரிமாற்றமும் பொய், எண்ணும் பொய். அழைக்கச் சொன்ன தொலைபேசி எண் ஒன்றுதான் உண்மை, அதை எடுப்பவர் மோசடிக்காரர். எச்சரிக்கையாக இருக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

அப்படியானால் உண்மைச் செய்தியை எப்படி அடையாளம் காண்பது? இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகள் பத்து இலக்க எண்ணிலிருந்து வரக்கூடாது; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி பதிவு செய்யப்பட்ட எழுத்துப் பெயரில்தான் வரவேண்டும். 2025-லிருந்து அந்தப் பெயரின் வாலில் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கிறது: விளம்பரத்துக்குப் பி, சேவைக்கு எஸ், பரிமாற்றத்துக்கு டி, அரசுச் செய்திக்கு ஜி. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து "வங்கி" செய்தி அனுப்பினால், சந்தேகப்பட வேறு காரணமே தேவையில்லை. வங்கியிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கும் 1600 என்று தொடங்கும் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இதை மட்டும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்குச் சிங்கப்பூர் சாட்சி.

2021 டிசம்பரில் அங்கே ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. அனுப்புநர் பெயரை எவரும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை அப்போது இருந்ததால், போலிச் செய்தி கைபேசியில் வங்கியின் உண்மையான பழைய செய்திகளுக்குக் கீழேயே, அதே வரிசையில் போய் உட்கார்ந்தது. 790 பேர் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அதன்பிறகு அந்த நாடு செய்தவை நாம் கவனிக்க வேண்டியவை. வங்கி எல்லோருக்கும் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது. பதிவு செய்யாத பெயரில் வரும் செய்திகளுக்கு "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரையை 2023 ஜனவரி 31 முதல் குத்தினார்கள். 2024 ஜூலையில், செயலிவழிச் சரிபார்ப்பு உள்ளவர்களுக்கு வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி முறையையே மூன்று மாதத்துக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். 2024 டிசம்பர் 16-லிருந்து, வங்கியோ தொலைபேசி நிறுவனமோ தன் கடமையில் தவறியிருந்தால் இழப்பை அதுவே ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்துவிட்டது.

நம் நாட்டில் நிலை என்ன? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைதான் அடிப்படை. வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியிடமும் தவறில்லை, வாடிக்கையாளரிடமும் தவறில்லை என்றால், செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கும் இழப்பு இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரர் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஏற்க வேண்டும். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. இவ்வளவும் நன்று. ஆனால் அதே சுற்றறிக்கையில், எண்ணைப் பகிர்ந்ததுபோன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், புகார் கொடுக்கும் வரையிலான முழு இழப்பும் வாடிக்கையாளருடையது என்றும் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலான புகார்கள் இந்த ஒரு வரியில் மோதித்தான் நிற்கின்றன. "ஓடிபி சொன்னீர்களா?" என்று கேட்பார்கள், "ஆமாம்" என்றால் கோப்பு மூடப்படும்.

இந்த வரி மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூங்கும்போது கதவைத் திறந்து வைத்தவரையும், காவலர் உடுப்பில் வந்தவனுக்குக் கதவைத் திறந்தவரையும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். பயிற்சி பெற்ற ஆட்கள், எழுதி வைத்த வசனத்தோடு, ஒருவரை ஒன்றரை மணி நேரம் அழைப்பிலேயே பிடித்து வைத்து எண்ணை வாங்கினால் அதற்குப் பெயர் கவனக்குறைவா? பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தாமாகவே பணம் அனுப்பியவர்களுக்குக்கூட 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். மிகப் பெரிய கவனக்குறைவு என்றால்தான் விலக்கு. அங்கே வங்கிகள் அழிந்துவிடவில்லை. மாறாக, சந்தேகமான பரிமாற்றத்தை நிறுத்தி விசாரிக்க அவற்றுக்கு இப்போது சொந்தக் காரணம் இருக்கிறது.

மறுமுனையில் பேசுகிறவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். தகவல் தொழில்நுட்ப வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போகப்பட்டு, மியான்மரின் மியாவடிப் பகுதியில் மோசடி மையங்களில் அடைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அந்தக் குரல்களில் சில, அடிக்குப் பயந்து வசனம் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளின் குரல். மோசடியை இரு முனைகளிலும் ஏழைகளே சுமக்கிறார்கள்.

குறுஞ்செய்தி என்ற வாகனமே பலவீனமானது என்பதும் நிபுணர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2017-லேயே அதைக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய முறையாக வகைப்படுத்தியது. அதே ஆண்டு ஜெர்மனியில், தொலைபேசி வலைப்பின்னல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழைய ஏற்பாட்டில் புகுந்து, வங்கிக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பிப் பணம் எடுத்தது வெளிப்பட்டது. நம் சிம்மின் நகலை வாங்கிவிடும் மோசடியைத் தடுக்க, இந்தியாவில் சிம் மாற்றியபின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தப்படுகிறது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றவும் முடியாது. கைபேசியில் திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் வராவிட்டால் வேறொரு தொலைபேசியிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேட்பது இதனால்தான் முக்கியம். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய வழிமுறைகள் 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்தன. இரண்டு சரிபார்ப்பு கட்டாயம், ஆனால் அது குறுஞ்செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழிமுறையைப் பின்பற்றாததால் இழப்பு வந்தால் வங்கியே முழுமையாக ஈடுகட்ட வேண்டும் என்கின்றன அவை. வரவேற்கிறேன். ஆனாலும் பொத்தான் கைபேசி வைத்திருக்கும் கோடிக்கணக்கான பேருக்குக் குறுஞ்செய்தியைத் தவிர வேறு வழி இல்லை. அவர்களை விட்டுவிட்டு மேலே போய்விட முடியாது.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கேட்காத எண் ஒன்று வந்தால், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரும்பாலும் சரியான செயல். பதில் எழுத வேண்டாம். அதிலுள்ள இணைப்பைத் தொட வேண்டாம். அதிலுள்ள எண்ணை அழைக்க வேண்டாம். வங்கியின் ஓடிபி என்றால், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை நாமே அழைத்துக் கேட்கலாம். ஆதாருக்கான ஓடிபி என்றால், ஆதார் ஆணையத்தின் தளத்தில் யார் எப்போது நம் ஆதாரைச் சரிபார்த்தார்கள் என்ற வரலாறு கிடைக்கும். கைரேகையையும் பூட்டி வைக்கலாம். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். மோசடி அழைப்பை அங்கேயே சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு என்ற பகுதியில் ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்துவிட்டால், குறுஞ்செய்தி எண் பறிபோனாலும் அது மட்டும் போதாது என்றாகிவிடும். 2017-லிருந்து இந்த வசதி இருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரியவர்களில் பாதிப்பேர்கூட வைத்திருக்கவில்லை.

எண்ணைச் சொல்லிவிட்டால்? வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் சும்மா இருப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு. பணம் போயிருந்தால் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறி வெளியே எடுக்கப்படும் முன் பிடித்து நிறுத்த முடிவது அந்த முதல் மணி நேரங்களில்தான். கூடவே வங்கிக்கும் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். புகார் பதிவான நிமிடத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு, எண்ணைப் பகிர்ந்தவரே ஆனாலும், வங்கிதான் பொறுப்பு. வாட்ஸ்அப் பறிபோயிருந்தால், நம் கைபேசியில் மறுபடி பதிவு செய்து, புதிதாக வரும் எண்ணைப் போட்டால் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் பின் வைத்திருந்தால் நாம் உள்ளே போக ஏழு நாள் ஆகலாம். ஆனால் அவனும் உள்ளே இருக்க முடியாது. அதற்குள் உறவுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், நம் பெயரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று. சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997, பிரிட்டனில் வங்கிக்கு 159 என்று அங்கங்கே இதற்கான எண்கள் இருக்கின்றன.

சித்திக்கு நான் பிறகு சொன்ன பதில் இது: "பொருளோட ஆள் வாசல்ல நின்னா, அந்தப் பொருளோட பேர் போட்ட எண்ணை மட்டும் சொல்லுங்க. போன்ல யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீங்க." அவர் உடனே கேட்டார்: "எந்த எண் எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுல இங்கிலீஷ்ல இல்ல இருக்கு?" அதற்கு நான் பதில் சொல்ல முடியாது; வங்கிகளும் எரிவாயு நிறுவனங்களும்தான் சொல்ல முடியும். வாடிக்கையாளர் எந்த மொழியில் கணக்குத் தொடங்கினாரோ அந்த மொழியில், எண்ணுக்கு முன்பாக, "இது பணம் எடுப்பதற்கு, யாருக்கும் சொல்லாதீர்கள்" என்றோ "இது சிலிண்டருக்கு, கொண்டுவந்தவரிடம் சொல்லுங்கள்" என்றோ ஒரு வரி போடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயரை வைக்காதீர்கள். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம்.

அதுவரை, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவரின் அருகில் உட்கார்ந்து, அவர் வாட்ஸ்அப்பில் அந்த ஆறு இலக்கப் பின்னை வைத்துக் கொடுங்கள். தொலைபேசி இருக்கும் மேசைக்கு மேலே, காலண்டரின் ஓரத்தில், 1930 என்று பெரிதாக எழுதி வையுங்கள்.